உறுதி இல்லாத பாட்டன்மார்

புலம்பெயர்ந்து வாழும் நம்மவரிடையே குடும்ப வரலாறு எழுதும் ஆர்வம் பெருகியிருக்கிறது. வழவழப்பான தாளில், பழைய புகைப்படங்களுடன், வம்ச விருட்சம் ஒன்றை மடித்து வைத்துத் தைத்த நூல்கள் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றின் முதல் அத்தியாயம் ஒரே தன்மையானது: எங்கள் பூட்டனார் இன்ன இடத்தில் முதன்முதலாகக் காடு வெட்டி, கிணறு தோண்டி, குடியமர்ந்தார். அந்த முயற்சியைக் குறைகூறுவதற்காக நான் இதை எழுத முற்படவில்லை. வேரைத் தேடுவது மனித இயல்பு. ஆயினும் முதலில் வந்தவர் என்ற பெருமை எல்லோருக்கும் கிட்டுவதில்லை என்பதை இந்நூல்களைப் புரட்டுந்தோறும் எண்ணிக்கொள்கிறேன். காடு வெட்டியவரின் பேரன் சட்டத்தரணியாகிவிட்டால் பாட்டன் முன்னோடி என்று போற்றப்படுகிறார். பேரனும் வலை இழுப்பவனாகவே இருந்துவிட்டால் அதே பாட்டன் அரச காணியில் அத்துமீறிக் குடியேறியவர் ஆகிவிடுகிறார்.

உச்சமுனையை எடுத்துக்கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாடு, ஒருபுறம் இந்து சமுத்திரமும் மறுபுறம் புத்தளம் களப்புமாக வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது. அதன் வடபால் மணற்றிட்டுகளும் சிறுதீவுகளும் தொடராக அமைந்துள்ளன. உச்சமுனை அவற்றுள் ஒன்று. கற்பிட்டியிலிருந்து படகிலேதான் போகவேண்டும். அயலிலுள்ள தீவுகளின் பெயர்களைக் கேளுங்கள்: பெரிய அரிச்சாலை, சின்ன அரிச்சாலை, இப்பன்தீவு, காக்காத்தீவு, வெள்ளை, முகத்துவாரம், பத்தலங்குண்டு. இவை நில அளவைத் திணைக்களத்தில் இருந்துகொண்டு எவரும் சூட்டிய பெயர்கள் ஆகா. காக்கை அமர்ந்ததைக் கண்டவனும், மணலின் வெண்மையைத் தொலைவிலிருந்து குறித்துக்கொண்டவனும், நீர் வாய் திறக்கும் இடத்தை அறிந்து ஓடம் விட்டவனும் இட்ட பெயர்கள் என்பது கேட்ட மாத்திரத்திலேயே விளங்கும். வரைபடம் வரைய வந்தவர் கேட்டு எழுதிக்கொண்டார். பெயர் வரைபடத்தில் ஏறியது, பெயரிட்டவன் ஏறவில்லை.

2009 இல் போர் முடிவுற்றதை அடுத்து இந்தத் தீவுக்கூட்டம் திடீரென்று நாட்டின் கண்ணிற் பட்டது. கற்பிட்டி ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டம் என்ற பெயரில் 14 தீவுகளை உள்ளடக்கிய பெருந்திட்டம் ஒன்று அதற்குச் சற்று முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் வழி உருவான அதிகார சபை அதனை முன்னெடுத்தது. உச்சமுனையும் அந்தப் பதினான்கில் ஒன்று. விடுதிகள், நீர்மேல் மாளிகைகள், உள்நாட்டு விமானத் தளம் என்று கவர்ச்சியான சித்திரங்கள் தீட்டப்பட்டன. தம்மைக் கலந்தாலோசிக்காமல் தம் காலடி மண் குத்தகைக்குப் போகிறதென்றும், கரைக்கு இறங்கும் வழிகள் வேலியிடப்படுகின்றன என்றும் மீனவர்கள் முறையிட்டார்கள். தேசிய மீனவர் ஒத்துழைப்பு இயக்கம் அதனை நாட்டுக்கும் வெளியுலகுக்கும் எடுத்துச் சொல்லிப் போராடியது. திட்டம் வகுக்கப்பட்ட அளவில் எழும்பவில்லை. ஆனால் அந்தச் சர்ச்சையின்போது எழுந்த ஒரு வினா இன்றும் தீர்க்கப்படாமலே கிடக்கிறது. அந்த மணலில் வாழும் குடும்பங்கள் யார்? குடிகளா, அத்துமீறியோரா?

அதிகாரிகளின் விடை எளிது. உறுதி எங்கே என்று கேட்பார்கள். ஈழத்துத் தமிழில் காணிப் பத்திரத்துக்கு உறுதி என்று பெயர். காகிதம் இருந்தால் வாழ்வு உறுதி, இல்லையேல் இல்லை. நம் மொழியே சட்டத்தின் மனப்பான்மையை எவ்வளவு கச்சிதமாகச் சொல்லிவிடுகிறது!

இந்தக் கேள்விக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு. 1840. அவ்வாண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிருப்பற்றது, பயிரிடப்படாதது ஆகிய நிலமெல்லாம் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடியின் சொத்தே என்று அனுமானித்தது. அனுமானம் அரசுக்கு, நிரூபிக்கும் சுமை குடிக்கு. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் வேண்டியிருந்த காலம் அது. 1897 ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் அந்தப் பிடியை மேலும் இறுக்கியது. மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தவர் தம் சேனைக் காடுகளை இழந்த கதையைச் சிங்கள வரலாற்றாசிரியர்கள் ஒரு நூற்றாண்டாக எழுதி வருகிறார்கள். எழுதட்டும், அது நியாயமான குமுறல். ஆனால் அதே சட்டத்தின் கண்ணில் ஒரு மணற்றீவு என்னவாகத் தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே வயல் இல்லை. வரப்பு இல்லை. ஏர் பூட்டிய தடம் இல்லை. நிலத்தைப் பயிரிடாதவன் நிலத்தில் வாழாதவன் என்று கருதும் சட்டத்துக்கு, கடலைப் பயிரிடும் மனிதன் கண்ணிற் படுவதேயில்லை.

இனி உலகின் மறுபுறத்தைப் பார்ப்போம். 1862 இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. எல்லைப்புறத்துக்குச் சென்று குடிசை போட்டு, ஐந்தாண்டு வாழ்ந்து, நிலத்தைத் திருத்திக் காட்டுபவனுக்கு 160 ஏக்கர் அவன் பெயருக்கே எழுதிக்கொடுக்கப்பட்டது. அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தக் களவின் மீதே அவர்களுடைய முன்னோடிக் காவியம் எழுந்தது. எனினும் குடியேறியவனைப் பொறுத்தவரை, அங்கே வாழ்ந்ததே உரிமையாயிற்று. நம் நாட்டிலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. 1949 இல் கல்லோயா தொடங்கியது. அரசின் லொறியில் ஏறி, அரசு கட்டிய வீட்டில் இறங்கி, அரசு வெட்டிய வாய்க்காலில் நீர் பாய்ச்சியவர்கள் குடியேற்றவாசிகள் என்று மேடைகளில் வாழ்த்தப்பட்டார்கள், அனுமதிப்பத்திரம் பெற்றார்கள். அரசு வருவதற்கு முன்னரே, எவருடைய உதவியுமின்றித் தன் தோணியில் வந்து இறங்கியவன் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். அரசுக்குப் பின்னால் வந்தால் முன்னோடி, அரசுக்கு முன்னால் வந்தால் அத்துமீறியவன். இதுதான் நமது காணிக் கொள்கையின் சாரம்.

கற்பிட்டியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். சைமன் காசிச்செட்டி என்ற பெயரைத் தமிழறிந்தோர் மறக்க மாட்டார்கள். 1807 இல் கற்பிட்டியிற் பிறந்தவர். 1834 இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையிற் தொகுத்து ஆங்கிலத்திற் கெசற்றியர் வெளியிட்டவர். புத்தளத்தில் மணியகாரராகவும், பின் சட்டநிரூபண சபையிற் தமிழ்ப் பிரதிநிதியாகவும், சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் விளங்கியவர். 1859 இல் தமிழ்ப் புளூராக் என்ற நூலின் வாயிலாகத் தமிழ்ப் புலவர் வரலாற்றை உலகறியச் செய்தவர். 1860 இல் மறைந்தார். அவர் தோன்றிய செட்டி சமூகமும் தென்னிந்தியாவிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து குடியேறியதுதான். ஆனால் அவர்கள் கணக்கேட்டுடன் வந்தார்கள். ஒல்லாந்தரிடமும் ஆங்கிலேயரிடமும் பதவி வகித்தார்கள். எழுதத் தெரிந்தவர்களாதலால் எழுதப்பட்டார்கள். அவருடைய புலமை எனக்குப் பெருமை தருவது; அவரைக் குறைத்துப் பேச எனக்கு நோக்கமில்லை. நான் சுட்டுவது ஒன்றுதான்: காசிச்செட்டி கற்பிட்டியில் தொட்டிலாடிய காலத்தில் அதே நீர்ப்பரப்பில் தோணி விட்டவர்களும் இருந்தார்கள். ஒருவரின் குடும்ப வரலாறு நூலகத்தில் இருக்கிறது. மற்றவர்களுடையது மணலில் இருக்கிறது. மணலை வாசிக்கத் தெரியாதது அவர்களின் குற்றமா, நம்முடையதா?

ஏடுகளைப் பற்றியும் ஒரு சொல். போர்த்துக்கேயரின் பின் 1659 இல் கற்பிட்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1667 இல் தொடங்கி 1676 இல் கோட்டையை முடித்தார்கள். தம் ஆட்சிப் பகுதிகளில் தோம்பு என்ற காணிப் பதிவேடுகளைப் பேணினார்கள். எதற்காக? வரிக்காக. வயலின் பரப்பு, தென்னையின் தொகை, ஊழியத்துக்குக் கட்டுப்பட்ட தலைகள். எண்ணினால் வருமானம் தரக்கூடியதை எண்ணினார்கள், ஏனையவற்றை விட்டார்கள். ஆண்டில் ஆறு மாதம் ஒரு திட்டிலும் ஆறு மாதம் இன்னொரு கரையிலும் இருப்பவனை எந்த ஏட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? வரி வசூலிப்பவனின் வசதிக்காக எழுதப்பட்ட ஏட்டை, முந்நூறு ஆண்டுகளின் பின்னர் வாழ்வுரிமையின் சான்றேடாகக் கொள்வது எந்த நியாயத்தில் அடங்கும்?

உறுதி இல்லையென்றால் எதுதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மேற்குக் கரையில் சோளகக் காற்று வைகாசியிலிருந்து கடலைக் கலக்கிவிடும். புரட்டாதிக்குப் பின் அது ஓயும். அப்போது சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் வள்ளங்கள் வடக்கு நோக்கி வந்து இத்தீவுகளில் இறங்கும். கிடுகு வேய்ந்த வாடிகள் எழும். கரைவலைச் சம்மாட்டி ஒருவர், வலை வளைத்து இழுக்கும் இடத்தைப் பாடு என்பார்கள். பாட்டுக்கு எல்லை உண்டு, முறை உண்டு, இன்றைக்கு எவருடைய வலை முதலில் இறங்கவேண்டும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. அதை மீறினால் கரையே கூடி விசாரிக்கும். பாடு தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. சில வேளை மருமகனுக்குச் சீதனமாகப் போவது. இது சொத்துரிமை இல்லையென்றால் எது சொத்துரிமை? நெல்வயலின் வரப்பை மதிக்கும் நாம், நீரின் மேற் போடப்பட்ட இந்த வரப்பை மட்டும் ஏன் காண மறுக்கிறோம்?

பருவத்துக்கு வந்தவர்களில் எல்லோரும் திரும்புவதில்லை. ஒரு வருடம் பெண்சாதி பிள்ளைகளையும் அழைத்து வருகிறான். கருவாடு காயப்போடக் கை வேண்டும். வாடியைச் சுற்றித் தென்னம்பிள்ளை வைக்கிறான். குடிநீருக்கு மணலைத் தோண்டுகிறான். மணற்றீவின் அடியில் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கும். ஆழத் தோண்டினால் உவர் ஏறிவிடும். அளவறிந்து தோண்டினால் நன்னீர் கிடைக்கும். எங்கே, எத்தனை முழம், எந்த மாதத்தில் என்ற அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதப்பட்டதில்லை. பின்னர் ஒரு குழந்தை பிறக்கிறது. ஒரு கிழவி இறக்கிறாள். இறந்தவளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோவதா, இங்கேயே அடக்குவதா என்ற கேள்வி எழுகிறது. இங்கேயே அடக்குவோம் என்று எவன் முதலிற் சொன்னானோ அவனே ஒரு தீவின் முதற்குடி. ஒருவன் எங்கே வலை வீசுகிறான் என்பதைக் கொண்டு அவனுடைய ஊரைச் சொல்லிவிட முடியாது. எங்கே தன் தாயைப் புதைத்தான் என்பதைக் கொண்டு சொல்லலாம்.

ஆகவே தென்னை, கிணறு, கல்லறை, பாடு. அத்துடன் கோவில் ஞானஸ்நானப் பதிவேடு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, வாக்காளர் இடாப்பு, கடற்றொழில் அனுமதிப்பத்திரம். இவற்றை அடுக்கி வைத்தால் மூன்று தலைமுறைக் குடும்ப வரலாறு தானாக எழுந்து நிற்கும். எழுப்பிப் பார்க்க எவருக்கும் மனமில்லை என்பதே குறை.

குடும்ப வரலாற்றைக் காகிதத்திற் கேட்டு மனிதரை வதைத்த அனுபவம் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் என்ன கேட்டது? உன் தகப்பன் இலங்கையிற் பிறந்ததைக் காட்டு. அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு. லயத்திற் பிறந்தவனின் பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? நாட்டின் ஏற்றுமதி வருமானத்தை முதுகில் சுமந்த ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். அந்தச் சட்டத்தை இயற்றியவர்களில் எத்தனை பேரால் தம் பூட்டன் பிறந்த இடத்தைக் காகிதத்தில் நிரூபித்திருக்க முடியும்? அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கப்படாமலிருப்பதுதான் உண்மையான சலுகை. குடும்ப வரலாறு சிலருக்கு ஓய்வுக்கால இன்பமாகவும் வேறு சிலருக்குப் பொலிஸ் விசாரணையாகவும் இருப்பது இதனாலேதான்.

இந்த இடத்தில் என் தமிழ் வாசகர் சிலர் எழுந்து, தீவுகளின் பெயர்கள் தமிழாயிருப்பதால் அவை தமிழர் மண் என்று முடித்துவிட விரும்புவார்கள். அவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. 1344 இல் இபின் பதூதா இக்கரையில் இறங்கியபோது ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார் என்பதும், அவர் குறிக்கும் பட்டாலா புத்தளமே என்று கொள்ளப்படுவதும் உண்மை. முக்குவ வன்னியரின் தலைமையும் இப்பகுதியின் வரலாற்றில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. ஆனால் அரசன் பெயரைச் சொல்லி மீனவனின் உரிமையை நிலைநாட்ட முனைவது வீண்வேலை. ஒரு தரப்பு ஆரியச் சக்கரவர்த்தியைக் கொண்டுவந்தால் மறுதரப்பு குதிரைமலையையும் தம்பபண்ணியையும் கொண்டுவரும். இரண்டு தரப்புக்கும் நடுவில் மீனவனின் வாடி காணாமற் போகும்.

அதுமட்டுமன்று. இக்கரையின் குடும்ப வரலாறுகளை உண்மையாக எழுதினால் இரு தரப்பு இனவாதிகளுக்கும் அது உவப்பாக இராது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் கையால் ஞானஸ்நானம் பெற்ற கரையோர மக்கள் பெர்னாந்து, பெரேரா, பீரிஸ் என்று பெயர் பெற்றார்கள். நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வரையிலான கரையில் அதே பெயருடைய ஒரு குடும்பத்தின் ஒரு கிளை இன்று தமிழ் பேசும். மறுகிளை சிங்களம் பேசும். 1940 முதல் 1972 வரை சிலாபம் மறைமாவட்டத்தின் ஆயராயிருந்த எட்மண்ட் பீரிஸ் அவர்களின் காலத்தில் கரையோரக் கத்தோலிக்கப் பாடசாலைகள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாற்றப்பட்டதும், ஒரு தலைமுறைக்குள் வீட்டு மொழியே மாறியதும் ஆய்வாளர் பலர் எழுதிய செய்தி. பாட்டி தமிழிற் செபமாலை சொன்னாள். பேத்தி சிங்களத்தில் சொல்கிறாள். அதனால் பாட்டி தோண்டிய கிணறு பேத்திக்கு உரிமையில்லாமற் போய்விடுமா? இல்லை, பேத்தி சிங்களம் பேசுவதால் பாட்டி வந்தேறியாகிவிடுவாளா? மொழியின் இழப்பு எனக்கு வருத்தம் தருவது. அதை மறைக்க மாட்டேன். ஆயினும் வருத்தத்தை வைத்துக் காணிக்கு வேலி போட இயலாது.

இன்னொன்றும் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைச் சில மணிநேர, சில நாள் அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அவர்களிற் பெரும்பாலோர் தஞ்சமடைந்தது இதே புத்தளம் மாவட்டத்தில்தான், கற்பிட்டியின் மணலில்தான். தலைமுறைகளாக உறுதி வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் உறுதியற்றவர்கள் ஆனார்கள். முதலில் வந்தவர்களுக்கே மண் சொந்தம் என்ற கோட்பாட்டைத் துப்பாக்கியின் துணையோடு நடைமுறைப்படுத்தினால் எங்கே போய் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. நான் உச்சமுனைக்காகக் கேட்பது வாழ்ந்தவனின் உரிமை. இனத்தின் உரிமை என்று அதைத் திரித்துவிட வேண்டாம்.

எதிர்வாதங்களையும் எடுத்துக்கொள்வோம்.

அரச காணி பொதுமக்கள் எல்லோருக்கும் உரியது, சிலர் அதைப் பிடித்துக்கொள்ளலாமா என்பது முதல் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் உரிய அந்தக் காணி நீண்டகாலக் குத்தகையில் ஒரு விடுதிக் கம்பனிக்குப் போகும்போது எல்லோரும் எங்கே போய்விடுகிறார்கள்? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு அறிவித்தபோதும், மீனவனின் குடிசைக்கு இருந்த தடை உல்லாச விடுதிக்கு அதே கடுமையோடு இருக்கவில்லை. கடல் இருவருக்கும் ஒரே கடல்தான்.

சூழலைக் காக்கவேண்டாமா என்பது இரண்டாம் வாதம். காக்கவேண்டும். கற்பிட்டிக்கு அப்பால் ஏறத்தாழ 300 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பு 1992 இல் முருகைப் பாறைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998 இல் அந்த முருகை பெருமளவு வெளிறி அழிந்தது; கடல்நீர் வெப்பமடைந்ததே காரணம். புத்தளம் களப்போரக் கண்டற் காடுகள் 1980களிலும் 90களிலும் இறால் பண்ணைகளுக்காக வெட்டப்பட்டன. நோய் வந்ததும் குளங்கள் கைவிடப்பட்டன. 2011 இல் நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மீனவர்களிடையே தடைசெய்யப்பட்ட வலைகளைப் பாவிப்போர் இல்லையென்று நான் சொல்லவில்லை; அவர்களைத் தண்டிக்க 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் இருக்கிறது. ஆனால் இக்கரையின் பெரும் அழிவுகளின் பட்டியலில் கிடுகு வாடி எந்த இடத்தில் வருகிறது என்பதைச் சூழலின் பெயரால் அவர்களை எழுப்பிவிட நினைப்போர் சொல்லவேண்டும்.

சுற்றுலா வேலை தரும் என்பது மூன்றாம் வாதம். தரலாம். சொந்தப் பாட்டில் வலை இழுத்தவனுக்கு, அதே கரையில் சாய்வு நாற்காலி தூக்கும் வேலை. அதை அவன் விரும்பி ஏற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. விரும்பவில்லை என்று சொல்லும் உரிமையும் அவனுக்கு இருக்கவேண்டும். உரிமை அவன் பெயரில் இருந்தால் அவனே விடுதிக்குக் குத்தகைக்குக் கொடுத்து வருமானம் பெறலாமே! அந்த யோசனை ஏன் எந்தத் திட்ட அறிக்கையிலும் முதலிடம் பெறுவதில்லை?

பருவத்துக்கு வந்து போகிறவனுக்குக் காணி உரிமை எதற்கு என்பது கடைசி வாதம். கோடைக்கு நுவரெலியாவில் மாளிகை வைத்திருந்து, ஆண்டில் இரண்டு வாரம் அங்கே தங்குகிறவரின் உறுதியை எவரும் கேள்விக்கு உள்ளாக்குவதில்லை. ஆறு மாதம் தங்கித் தொழில் செய்கிறவனைப் பார்த்து மட்டும் இந்தக் கேள்வி பிறக்கிறது.

சட்டம் இப்படித்தான் இருக்கமுடியும் என்று கையை விரிப்போருக்கு மூன்று செய்திகள். முதலாவது: 1948 இல் பூட்டனின் பிறப்பைக் கேட்ட அதே நாடு, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தில், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. பூட்டன் எங்கே பிறந்தான் என்ற கேள்வி கைவிடப்பட்டு, வாழ்ந்தது போதும் என்றாயிற்று. இரண்டாவது: போரினால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கிற் சேர்க்கலாகாது என்று 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. சட்டத்தின் கடிகாரத்தையும் நிறுத்தி வைக்கலாம் என்பதற்கு அது சாட்சி. மூன்றாவது: அண்டை நாடான இந்தியாவில் 2006 இல் வந்த வன உரிமைச் சட்டமும் 2008 இல் வந்த அதன் விதிகளும், முதியோரின் வாய்மொழியை எழுதிக்கொண்டு சான்றாக ஏற்கின்றன. வம்சாவளியை ஏற்கின்றன, கிணற்றையும் இடுகாட்டையும் ஏற்கின்றன. பழங்குடியல்லாத வனவாசிகளிடம் 75 ஆண்டு வாழ்ந்ததற்குச் சான்று கேட்கும் கடுமை அதில் இருக்கிறது. நடைமுறைக் குறைகள் பல. எனினும் பாட்டியின் நினைவும் கல்லறையும் சான்றாவணமாகலாம் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது சிறிய காரியமன்று. 2014 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் சிறுகடற்றொழிலுக்கென வகுத்த வழிகாட்டல்களும் மரபுவழி மீனவரின் காணி, கடல் உரிமைகளை மதிக்குமாறு அரசுகளை வலியுறுத்துகின்றன.

ஆதலால் நான் கேட்பது வானத்து நிலவை அன்று. கற்பிட்டித் தீவுகளுக்கென ஒரு காணி விசாரணை. கந்தோரில் அமர்ந்து கோப்புப் பார்க்கும் விசாரணை வேண்டாம். படகேறித் தீவுக்குப் போய், தமிழிலும் சிங்களத்திலும் வாய்மொழி கேட்டு, கிணறுகளையும் கல்லறைகளையும் பாடுகளையும் அளந்து பதியும் விசாரணை வேண்டும். நிரூபிக்கும் சுமை அரசுக்கு மாறவேண்டும்: இந்தக் குடும்பம் இங்கே வாழவில்லை என்று அரசு நிரூபிக்கட்டும். உரிமையைத் தனித்தனி உறுதியாகக் கொடுத்தால் நாளைக்கே தரகர் வந்து ஒவ்வொன்றாக வாங்கிவிடுவார். ஆகவே ஊருக்குப் பொதுவாக, விற்கவியலாத உரிமையாகக் கொடுக்கவேண்டும். அது முடியும்வரை ஓர் அங்குலமும் குத்தகைக்குப் போகலாகாது.

என் தொழில் சார்ந்தவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அத்துமீறிக் குடியேறியோர் என்ற சொற்றொடர் எந்த வழக்கிலும் தீர்க்கப்பட்ட உண்மையன்று. ஒரு தரப்பின் குற்றச்சாட்டு. கொலை வழக்கில் தீர்ப்பு வருமுன் கொலைகாரன் என்று எழுதினால் ஆசிரியர் பேனாவால் வெட்டுவார். காணி வழக்கில் மட்டும் திணைக்கள அறிக்கையில் வந்த சொல் அப்படியே தலைப்பில் ஏறிவிடுகிறது. அந்த ஒரு சொல்லை மேற்கோட் குறிக்குள்ளாவது அடைத்து வையுங்கள்.

புலம்பெயர்ந்த என் வாசகர்களுக்கு இறுதியாக ஒன்று. உங்கள் குடும்ப நூலை அச்சிடுங்கள். பூட்டனாரின் படத்தை முதற் பக்கத்திற் போடுங்கள். அந்த நூலுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு மாணவரை உச்சமுனைக்கு அனுப்ப முடியும். எண்பது வயதுக் கிழவி ஒருத்தி தன் தாயின் தாய் எந்தக் கரையிலிருந்து எந்தக் காற்றில் வந்தாள் என்பதைச் சொல்வாள். அதை எழுதிக் கையொப்பமிட்டு ஒரு பிரதியைத் தேசிய சுவடிக்கூடத்துக்கும் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் அனுப்புங்கள். நாளைக்கு ஒரு நீதிமன்றத்தில் உறுதி எங்கே என்று கேட்கப்படும்போது, நீட்டுவதற்கு அவர்கள் கையில் ஒரு தாளாவது இருக்கட்டும். அந்தக் கிழவிக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. குத்தகைப் பத்திரங்களுக்கு வயது ஏறுவதில்லை, புதுப்பித்துக்கொள்கிறார்கள்.